மேரி அக்கா வாங்கிக்கொண்ட எச்சில்

மேரி அக்கா மஞ்சள் காமாலையில் போய்விட்டார் என்று போன் வந்தபோது, ஜெயங்கொண்டத்தில் என் ஸ்டுடியோவில் ஒரு கல்யாணப் படத்தில் மணப்பெண்ணின் முகத்தைச் சுற்றி ரோஜாப்பூ ஓட விட்டுக்கொண்டிருந்தேன். நம் தெருநாடகக் குழுவில் பறை அடிக்கும் செல்வராசுதான் பேசினார். "அக்கா போயிட்டாங்கப்பா. திருச்சிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த பூக்களை நிறுத்தினேன்.

உங்களில் பலரும் அவரைத் தெருநாடகத்தில் பார்த்தவர்கள். வயசுக்கு வந்த பிள்ளைகளை நல்ல வேலை என்று ஆசைகாட்டிக் கூட்டிப்போய், வெளியூர் மில்லில் அடைத்துப்போடும் ஏஜெண்டுகளைப் பற்றிய நாடகம். ஏஜெண்ட் வேஷம் அக்காவுக்கு. தலை நிறையக் கனகாம்பரம், வாய் நிறைய வெற்றிலை. "மூணே வருசம். தங்க எடம், வேளைக்குச் சோறு, திரும்பி வாறப்ப கல்யாணத்துக்குச் சீரு. உம் பொண்ணு எம் பொண்ணு மாதிரி" என்று அவர் பேசினால் எனக்கே நம்பத் தோன்றும். நான் வீடியோ எடுப்பேன்.

ரெட்டிபாளையத்தில் ஒருநாள் நாடகம் முடிந்தது. மில்லில் அந்தப் பெண் படும் பாட்டைப் பார்த்து ஊரே மூக்கைச் சிந்தியது. சிந்தி முடித்த கையோடு ஒருவர் அக்காவிடம் வந்து, "எம் பொண்ணு சும்மாதாங்க வூட்ல இருக்கு. நீங்க சொன்ன எடத்துல சேத்துவுட முடியுங்களா?" என்றார். அக்கா குழாயடிக்குப் போய், வெற்றிலைச் சாறு போன பின்பும் கொப்பளித்துக்கொண்டே இருந்தார். "இந்த வாய வச்சுக்கிட்டு எப்படிடா ஜெபம் பண்றது?" என்றார்.

பிறகு நாடகத்தைச் சிடியாகப் போட்டு ஊர் ஊராகக் கொடுத்தோம். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் என் கடைக்கு வந்தான். "முதல் கால் மணி நேரம் மட்டும் போதும், வெட்டிக் குடுங்க" என்றான். கல்யாண வீட்டுக்காரர்கள் தினமும் கேட்பதுதான்: தாலி கட்டுறது மட்டும் போதும், மாமா மொகம் வேணாம். யார், எதற்கு என்று நாங்கள் கேட்பதில்லை. வெட்டி, வழக்கம்போல் முகப்பில் என் ஸ்டுடியோ பெயரையும் ஓடவிட்டுக் கொடுத்தேன். அந்தக் கால் மணி நேரத்தில் அக்காவின் ஆசை வார்த்தை மட்டும்தான் இருந்தது. மில்லும் அழுகையும் பிற்பாதியில்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அது தெரியவந்தது. அக்கா வெற்றிலையோடு ஆடுகளத்துக்குள் வந்ததும், கூட்டத்திலிருந்து ஓர் அம்மா எழுந்து வந்தார். "டிவிப் பொட்டியில பேசுனது நீதானடி? ஒன் பேச்ச நம்பித்தான எம் பூங்கொடிய அந்த வெள்ளச் சட்டக்காரங்கூட அனுப்புனேன். எட்டு மாசமாச்சு, ஒரு சேதி இல்ல. நீ வெளங்குவியா?" என்று கத்தி, முகத்தில் காறித் துப்பினார். எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. கேமராவை அணைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

அக்கா முந்தானையால் துடைத்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்று: "எந்த ஊரு மில்லு? வெடிஞ்சதும் கெளம்புவோம் வாங்க." இருவரும் மில் கேட்டுக்கு எதிரே இரண்டு நாள் உட்கார்ந்து, மூன்றாம் நாள் பிள்ளையோடு திரும்பினார்கள். பூங்கொடிக்குப் பதினைந்து வயசு. வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

அடுத்த நாள் அக்கா என் மேசையில், என் ஸ்டுடியோ பெயர் ஓடும் அந்த வெட்டிய சிடியை வைத்தார். "கஸ்டமர் கேட்டாரு, வெட்டிக் குடுத்தேன்க்கா" என்றேன். சொல்லும்போதே என் மேல் எனக்கு அருவருப்பு. "ஆட்ட வெட்டுறவன்கூட யார் வூட்டு ஆடுன்னு கேட்டுட்டுத்தான் தம்பி வெட்டுறான்" என்றார். அந்தம்மாவிடம் போய்ச் சொல்லட்டுமா என்று இழுத்தேன். "சொல்றவன் எங்கிட்ட கேட்டுக்கிட்டு நிக்கமாட்டான். கொரலு என்னோடதுதான, எங்கிட்டயே இருக்கட்டும்."

அன்றோடு நாடகத்தையே மாற்றினார். ஏஜெண்ட் ஒரு வரி பேசினால், பக்கத்தில் நிற்கும் பெண் உடனே "பொய்யி" என்று சொல்லி நடந்ததைச் சொல்லவேண்டும். எங்கே வெட்டினாலும் உண்மையும் கூடவே வரும். "பொய்ய இனிமே தனியா நடமாட வுடமாட்டேன்" என்பார். கலை குறைகிறது என்று நம்மில் சிலர் முணுமுணுத்தோம். கலையாம், கத்திரிக்காயாம்!

அடக்கத்துக்கு அந்த வெள்ளைச் சட்டைக்காரனும் ஆளுயர மாலையோடு வந்திருந்தான். நாலு பேர் அவனுக்கு நாற்காலி போட்டார்கள். த்தூ! ஆனால் அவனைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பூங்கொடியின் அம்மா சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னத் துப்புனேனே தாயி, எம் புள்ளைய மீட்டுக் குடுத்த மகராசியத் துப்புனேனே" என்று அழுதார். பத்தடி தள்ளி நின்றுகொண்டு, அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மேரி அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய படமோ சிடியோ அல்ல. எனக்காக அவர் காட்டிக்கொடுக்காமல் சுமந்த அந்தப் பழிதான். இனி அதை வைத்துக்கொள்ள முடியாது. பூங்கொடி அம்மா, அந்தச் சிடியை வெட்டியது நான். என் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது. பூங்கொடியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன்.