கிளாரினெட்காரனின் இடம்

இத்தாலியில் நான் பார்த்துக்கொண்ட முதியவருக்குத் தொண்ணூறு தாண்டியிருந்தது. இளமையில் நடன மண்டபங்களில், ஜோடிகள் ஆடும் சுவிங் ஜாஸுக்குப் பியானோ வாசித்தவர். வெளியே போவதேயில்லை. ஆனாலும் நாலு மணிக்குச் சவரம் செய்து, டை கட்டிக்கொண்டுதான் பியானோ முன் உட்காருவார்.

அப்பா எதையாவது மறந்தால் தனக்குச் சொல்லவேண்டும் என்று மகள் கேட்டிருந்தார். மறதி கூடினால் முதியோர் இல்லத்தில் விடுகிற யோசனை. நானும் உண்மையாகவே சொன்னேன்: "வாசிக்கேக்கை நடுவிலை நிண்டுபோறார், சிஞ்ஞோரா. பிறகுதான் ஞாபகம் வருது." மகள் இல்லத்தில் இடமும் பார்த்துவிட்டார்.

அடுத்த நாளும் பாட்டின் நடுவில் முதியவர் கைகளை எடுத்து மடியில் வைத்தார்.

"மறந்துபோட்டியளோ?" என்று எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் கேட்டேன்.

"இல்லை. இது கிளாரினெட்காரன் தனிய வாசிக்கிற இடம். அவன் செத்துக் கனகாலம். அதுக்காக அவன்ரை இடத்திலை நான் வாசிக்கேலுமோ?"

அப்போதுதான் கீழே பார்த்தேன். அவருடைய கால் தாளம் பிசகாமல் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

உடனே மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அவர் ஒண்டும் மறக்கேல்லை. எனக்குத்தான் விளங்கேல்லை." இல்லத்துப் பேச்சு அதோடு நின்றது.

ஒருநாள் அந்த மௌனத்தில் நான் தண்ணீர் வாளியைச் சத்தம் வர இழுத்துவிட்டேன். அவர் திரும்பி, உதட்டில் விரலை வைத்தார். கிளாரினெட்காரன் முடிக்கும்வரை அசையாமல் நின்றேன்.