ஒரு மணி மிஸ்டு கால்

எங்கள் பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கூடாது. காலையில் கேட்டிலேயே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஒரு மணிக்குச் சாப்பிட வரும்போது வாங்கி, எல்லாரும் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்போம். எடுக்கவேண்டாம், பேசவேண்டாம். ஒரு ரிங் போனால் ஆள் நல்லாயிருக்கிறான் என்று அர்த்தம். பட்டாசு வேலைக்கு ஆள் போகிற வீடுகளில் பெண்கள் அதற்குப் பிறகுதான் சோற்றில் கை வைப்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கெமிஸ்ட்ரி படித்ததால் மேற்பார்வை வேலை. எந்த ரூமிலும் அளவுக்கு மேல் வெடிமருந்தோ ஆளோ சேராமல் பார்த்துக்கொள்ளவேண்டும். சீசனில் ஞாயிறும் லீவு கிடையாது. அரசுத் தேர்வுக்கு வாங்கிய புத்தகம் பீரோ மேல் கிடந்தது. வயிறு எரிந்தால் மாத்திரை போட்டுக்கொள்வேன். மனைவிக்கு எட்டாம் மாதம். தீபாவளி முடியட்டும், எல்லாவற்றையும் சரி செய்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று வடக்கே போகிற லோடுக்காக அண்ணாச்சி, அதாவது எங்கள் முதலாளி, காலையிலிருந்தே நெருக்கினார். நான் சாப்பிடப் போகவில்லை, கேட்டுக்கும் போகவில்லை. ஒன்றரை வாக்கில் மேற்கே ஒரு சத்தம். காலடியில் தரை அதிர்ந்து அடங்கியது. வெளியே ஓடிவந்து பார்த்தோம். தூரத்தில் வெள்ளைப் புகை. எங்களுடையது இல்லை என்ற நிம்மதி வந்த வேகத்திலேயே போய்விட்டது. வெடித்தது எந்தக் கம்பெனி என்று வீட்டிலிருக்கிற மனைவிக்கு எப்படித் தெரியும்?

கேட்டுக்கு ஓடினேன். "ஒங்க போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு தம்பி. நாங்க எடுக்கக் கூடாதுல்லா" என்றார் வாட்ச்மேன். திரும்ப அழைத்தேன். ரிங் போனது, எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை.

எங்கள் ஊர் நாரணாபுரம் வரை பைக்கை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. ஊருக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். நடுவே அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். போனை வீட்டிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தவள், வழியில் இடறி விழுந்திருக்கிறாள்.

என்னைப் பார்த்தும் அழவில்லை. "ஒரு ரிங்கு விட எம்புட்டு நேரமாகும்?" என்றாள். பிறகு மெதுவாக, "விழுந்ததுல இருந்து பிள்ளை அசையலைங்க."

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தினார். இரைச்சல் மட்டும் கேட்டது. இடம் மாற்றினார். மறுபடியும் இரைச்சல். என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அண்ணாச்சிதான். எடுக்கவும் முடியவில்லை, அணைக்கவும் கை வரவில்லை. அப்புறம்தான் அந்தத் துடிப்பு கேட்டது, படபடவென்று.

"நல்லாத்தான் ஓடுது" என்ற நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க உக்காருங்க தம்பி. இங்கன விழுந்து வச்சிராதீக, வேற கட்டில் காலியில்ல."

அவளை இரவு அங்கேயே இருக்கச் சொன்னார்கள். வராந்தாவுக்கு வந்து அண்ணாச்சியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். நாளைக்கு வரமாட்டேன், பிள்ளை பிறக்கிற வரை ஞாயிற்றுக்கிழமையும் வரமாட்டேன் என்றேன்.

"வேலை வேணுமா வேண்டாமாலே?" என்றார்.

வேணும் அண்ணாச்சி என்றேன். அதோடு போனை வைத்துவிட்டார்.

உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். நாளைக்கு நான் போகவில்லை என்றேன்.

"நாளான்னைக்கி?" என்றாள்.