அண்ணரின் வலக்கால்

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐம்பத்தெட்டு வயதில், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் காலத்தில், ஒரு தேவாலய மண்டபத்தின் மேடைக்குக் கீழே நான் முழங்காலில் ஊர்ந்து போய் ஒளிந்திருந்தேன். ஒரு கையில் பலகைத் துண்டு. மற்றக் கையில், கையுறைபோல மாட்டிய ஒரு சப்பாத்து. சப்பாத்து அண்ணருடையது. நோக்கம் வயலின் போட்டியில் கள்ளம் செய்வது. அண்ணர் இறந்து ஓராண்டு நிறையும் ஆட்டைத் திவசத்துக்கு வெளியிடும் மலரில் இதையெல்லாம் எழுதலாமா என்று மலர்க்குழுவில் ஒரு கேள்வி எழுந்தது. மலர்க்குழு என்பது நானும் என் மனைவியும்தான். கேட்டவர் அவர்.

அண்ணர் சாவகச்சேரியில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எனக்கும் அவருக்கும் ஒன்பது வயது இடைவெளி; சங்கீதத்தில் அதைவிடப் பெரிய இடைவெளி, எனக்குக் கைத்தாளமே பிசகும். பத்து வயதில் வயலின் பழகத் தொடங்கியவர், இருபதில் கோயில் திருவிழாக்களில் பாடகர்களுக்குப் பக்கத்தில் அமர்ந்து வாசித்தார். நிலத்தில் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலக்காலில் ஊன்றி வாசிப்பது எங்கள் முறை. அந்தக் கால் அசையக் கூடாது. அசைந்தால் வயலினும் அசையும், சுருதி தள்ளாடும். இருபது வருடமாக அண்ணர் அந்தக் காலைக் கல்லாகப் பழக்கி வைத்திருந்தார்.

போரினால் அகதியாகக் கனடாவின் மொன்றியலுக்கு வந்தபோது அவரிடம் வயலின் இருக்கவில்லை. டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அங்கே ஞாயிறு மதியங்களில் கியூபெக்கின் பழைய கிராமிய வயலின்காரர்கள் வந்து வாசிப்பார்கள். கதிரையில் உட்கார்ந்து, இரண்டு கால்களாலும் பலகையில் தாளம் தட்டியபடியே வாசிக்கும் வேகமான ஆட்ட மெட்டுகள். றீல் என்பார்கள். சமையற்காரர் மர்செலும் அப்படி வாசிப்பவர்தான். ஒருநாள் அவர் மாவு மூட்டைமேல் வைத்துவிட்டுப் போன வயலினை அண்ணர் எடுத்து, ஈரத் தரையில் சம்மணமிட்டு, சற்றுமுன் கேட்ட மெட்டை ஒரு பிசகில்லாமல் வாசித்தாராம். மர்செல் பல வருடங்களுக்குப் பிறகு பிரெஞ்சில் எனக்குச் சொன்னார்: "எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் யாரோ ஒருவர் அறைக்குள் வராமல் வாசலிலேயே நிற்பதுபோல இருந்தது. பிறகுதான் புரிந்தது, கால்கள் இல்லை."

றீல் வாசிப்போருக்கென்று வருடாவருடம் நடக்கும் போட்டியில், முதல் முறை அண்ணர் பழக்க தோஷத்தில் மேடையில் கதிரையைத் தள்ளிவிட்டு நிலத்தில் இருந்துவிட்டார். நடுவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். கால்களுக்கென்று தனிப் புள்ளி உண்டு. அண்ணருக்கு அதில் பூச்சியம். அசையாதே என்று பழக்கிய காலை ஓயாதே என்று பழக்க அவருக்கு இரண்டு பனிக்காலம் எடுத்தது. மூன்றாம் முறை அவர்தான் சாம்பியன். அதன்பின் எத்தனை முறை என்று அவர் சொல்லமாட்டார். மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில் அவருடைய வீட்டில், சுவாமிப் படங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் வெற்றிக் கிண்ணங்களில் அண்ணரின் துணைவியாரான மச்சாள் செவ்வரத்தம்பூ வைப்பார்.

புதிதாக வந்தவர்களை விமான நிலையத்தில் ஏற்றி வருவது, அவர்களுடைய பத்திரங்களைப் பிரெஞ்சில் நிரப்பிக் கொடுப்பது எல்லாம் அண்ணரின் வேலை. அவருடைய பிரெஞ்சு சமையலறையில் கற்றது. பத்திரங்களில் எழுதக்கூடாத சொற்களே அதில் அதிகம். ஆனாலும் யாருடைய பத்திரமும் திரும்பி வந்ததில்லை.

பிறகு சீனி வியாதி வலக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. இனி அவரால் சம்மணமிட முடியாது. இத்தனை வருடமும் இடையிடையே வாசித்துவந்த கீர்த்தனைகளும் போயின. அவருக்கு மிஞ்சியது கதிரையும் றீலும்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீடு திரும்பி இரண்டு கிழமை. காலை பத்து மணி இருக்கும். நானும் மச்சாளும் மேலே தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பேஸ்மென்டில் றீல் தொடங்கியது. மச்சாள் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தம்பி, கீழை ஆரும் வந்திருக்கினமோ?"

"ஒருத்தரும் வரேல்லை மச்சாள். நீங்கள்தானே எனக்குக் கதவு திறந்தனீங்கள்."

"அப்ப ஏன் ரெண்டு கால் கேக்குது?"

நான் படியிறங்கினேன். கடைசிப் படியில் கால் வைத்ததும் ஒரு கால் சத்தம் நின்றது. அண்ணர் இடக்காலால் தட்டி வாசித்துக்கொண்டிருந்தார். காற்சட்டையின் வலப்பக்கம் மடித்து ஊசி குத்தியிருந்தது. செயற்கைக் கால் சுவரில் சாய்ந்து நின்றது.

"அண்ணை, இப்ப ஒரு சத்தம்..."

"ஓம். உனக்கும் கேட்டதோ?" தபால்காரர் வந்து போனதைக் கேட்பவர்போலக் கேட்டார். "எடுத்த கால் நோகுது எண்டு டொக்டரிட்டைச் சொன்னனான். கொஞ்ச நாளைக்கு அப்பிடித்தான் இருக்கும் எண்டவர். நோகிற கால் தட்டாதோ?"

காலடியில் கிடந்தது, அண்ணர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் மச்சாள் வாங்கிப் போட்ட புதுப் பலகை. அதில் இடப்பக்கம் பளபளப்புத் தேய்ந்திருந்தது. வலப்பக்கமும் தேய்ந்திருந்தது. நான் பகுத்தறிவாளன். அதனால் மறுபடி பார்க்கவில்லை.

அந்த வசந்தத்தில் போட்டி இல்-பிசார் என்ற ஊரின் தேவாலய மண்டபத்தில் நடந்தது. ஏற்பாட்டாளராகியிருந்த மர்செல் வீட்டுக்கே வந்து, புள்ளியில்லாமல் சிறப்பு விருந்தினராக வாசிக்கும்படி கேட்டார். அண்ணர் மர்செலுக்குப் பிரெஞ்சில் நன்றி சொல்லி மறுத்துவிட்டு, எனக்குத் தமிழில் சொன்னார்: "இரக்கப்பட்டுக் கதிரை தருகினம். எனக்குப் புள்ளி போடட்டும். தோத்தால் தோக்கிறன். அவையளிலை ஒருத்தனாத் தோக்கிறன்."

அவர் கேட்டது அவ்வளவுதான். அதைத்தான் நான் கெடுக்கப் போனேன். வீட்டில் கேட்டதெல்லாம் காதின் கோளாறு என்று நான் தீர்மானித்திருந்தேன். மண்டபத்தில் ஒரு கால்தான் கேட்கும், அண்ணர் எல்லார் முன்னும் தலைகுனிவார் என்று பயந்தேன். ஆகவே, மேடைக்குக் கீழே மடக்குக் கதிரைகள் வைக்கும் இடத்துக்குள், மதியம் இரண்டு மணிக்கு, அவருடைய வலது சப்பாத்தோடு புகுந்தேன். எட்டு மாதமாக யாரும் போடாத சப்பாத்து. கையை உள்ளே விட்டபோது சூடாக இருந்தது. கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்ததால் என்று எனக்கு நானே சொன்னேன். ஆனால் கோட்டுக்குள் வைத்தது பலகைத் துண்டைத்தான்.

மேலே வயலின் தொடங்கியது. இடக்கால் விழுந்தது. பலகை இடுக்கிலிருந்து ஒரு கோடாகத் தூசி இறங்கியது. நான் கையை ஓங்கினேன். அதற்குள், ஒரு முழம் தள்ளி, இன்னொரு கோடு இறங்கியது.

சத்தம் பிறகுதான் எனக்கு உறைத்தது. இடம், வலம், வலம், இடம். நான் புகுந்த கதவு வழியாக வந்த வெளிச்சம் தூசிக்குள் விழுந்து இரண்டு மெல்லிய திரைகளைக் காட்டியது. இரண்டும் தாளத்துக்கு நடுங்கின. வலப்பக்கத் தூசி என் தலையிலும் கண்ணிலும் கொட்டியது. தும்மலை அடக்கிக்கொண்டு, ஓங்கிய கை ஓங்கியபடி, மூன்று மெட்டும் முடியும்வரை இருந்தேன். ஒரு தரமும் தட்டவில்லை.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பரிசு அறிவித்து முடிந்தபின் நான் ஊர்ந்து வெளியே வந்தபோது, மேடையோரத்தில் சக்கர நாற்காலியில் அண்ணர் இருந்தார். மடியில் வெற்றிக் கிண்ணம். அவர் பார்த்தது என் முகத்தை அல்ல, என் கையை. சப்பாத்து இன்னும் அதில்தான் இருந்தது.

"நான் தட்டேல்லை அண்ணை."

கர்க்லாண்ட் வரும்வரை காரில் ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கடைசி நாட்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், திடீரென்று கேட்டார்: "அந்தச் சப்பாத்தை என்ன செய்தனி?"

"வைச்சிருக்கிறன்."

"எறிஞ்சு போடாதை. தேவைப்படும்."

சவப்பெட்டியை மூடுமுன் அதை அவர் காலடியில் வைத்தேன். ஆனால் அவர் தாமாகவே வென்ற கடைசி வெற்றியை என் புத்தியால் சந்தேகமாக்கி, அந்தச் சந்தேகத்தோடேயே அவரை அனுப்பிவிட்டேன் என்ற எண்ணம் இந்த ஒரு வருடமாக என்னை விடவில்லை.

அண்ணரைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், சமைத்தும் கார் ஓட்டியும் எங்களைத் தாங்கிய உறவினருக்கும் அயலவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இறுதிக் கிரியைக்கு வயலின்களோடு வந்த மர்செலுக்கும் நண்பர்களுக்கும் நன்றி. இறந்தவருக்காக வாசிக்கும்போது அவர்கள் கால் தட்டுவதில்லையாம். அன்று எல்லாக் கால்களும் அசையாமல் இருந்ததை நான் பார்த்தேன். தட்டும் சத்தம் கேட்டதாக இருவர் பிறகு என்னிடம் வந்து சொன்னார்கள். அவர்களுக்கும் நன்றி.

அச்சுக்கு அனுப்புமுன் இதை மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை நினைச்சோ ஒரு வருசமா முகத்தைத் தூக்கி வைச்சிருந்தனீர்? அவர் அண்டைக்குக் காரால இறங்கின உடனையே சொன்னவர், தம்பி தட்டேல்லை எண்டு."

"அவருக்கு எப்பிடித் தெரியும் மச்சாள்?"

"சத்தம் தாளத்திலை விழுந்ததாம்."