ஒரு ஊசிகூடத் தவறவில்லை

எழுபதுகளின் தொடக்கத்தில், எங்கள் பக்கமெல்லாம் காலரா பரவியிருந்த ஒரு கோடையில் நடந்தது இது. அப்போது நான் திருப்போரூரில் தையல் கடை வைத்திருந்தேன். ரவிக்கை, பாவாடைதான் அதிகம் வரும். நான் மெஷினில் அடித்துப் போடுவேன். கொக்கி வைப்பது, காஜா எடுப்பது, ஓரம் மடித்துத் தைப்பது எல்லாம் வீட்டில் என் மனைவியின் வேலை. கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. ஒரு பெண் குழந்தை.

மனைவிக்கு வந்த இருமல் இரண்டு மாதமாகியும் போகவில்லை. கஷாயம், நாட்டு மருந்து, வேப்பிலை அடித்து மந்திரிப்பது, தர்காவில் தண்ணீர் ஓதி வாங்குவது என்று எல்லாம் பார்த்தோம். ஒரு நாள் காலையில் வாய் கொப்பளித்தபோது ரத்தம் வந்தது. அன்றைக்கே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள், சளியைப் பார்த்தார்கள், டி.பி. என்று சொல்லிவிட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், நேரில் வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கூடவே மாத்திரை. மொத்தம் ஒன்றரை வருடம்.

"கொஞ்சம் தேறினதும் நடுவுல நிறுத்திடாதீங்க. அப்புறம் எந்த மருந்தும் கேக்காது" என்றார் டாக்டர். அவர் சொன்னது என்னைப் பார்த்து. மனதில் வாங்கிக்கொண்டது அவள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் முதல் பயம் அவளைப் பற்றியதாக இல்லை. கடையைப் பற்றியதாக இருந்தது. டி.பி. வந்த பெண் கொக்கி வைத்த ரவிக்கையை யார் உடம்பில் போட்டுக்கொள்வார்கள்? குழந்தையைக் கோவளத்தில் அவள் அம்மா வீட்டில் விட்டோம். ஊராரிடம் ஒரு கதை சொன்னேன். செங்கல்பட்டில் மனைவியின் பெரியம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், அவரைப் பார்க்க வாரத்தில் இரண்டு நாள் போய் வருகிறோம் என்று. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு ஊர்ப் பள்ளிவாசலில் என்னைக் காணோமே என்று கேட்டவர்களுக்கும் அதே பெரியம்மாதான். உண்மையில் அப்படி ஒரு பெரியம்மாவே கிடையாது. பொய் வளர வளர மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மூன்று மாதம் இப்படி ஓடியது. அதற்குள் காலரா வந்துவிட்டது. கிணற்றிலெல்லாம் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். பஸ் ஸ்டாண்டில் மேஜை போட்டுத் தடுப்பூசி குத்தினார்கள். நறுக்கிய பழம், சர்பத் எதையும் விற்கக்கூடாது என்று தடை. பஸ்ஸில் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டாலே பக்கத்தில் இருப்பவர் எழுந்து நின்றுவிடுவார். "இந்தச் சமயத்துல ஆஸ்பத்திரிப் பக்கம் போக வேணாம், நாலு வாரம் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்று நானே சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. "நீங்க வராட்டிப் போங்க, நான் போறேன்" என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் காலை முதல் பஸ்ஸில் ஏறினோம். எப்போதும்போல ஜன்னலோரம் உட்கார்ந்து புர்காத் துணியால் வாயை மூடிக்கொண்டாள். முந்தின நாள் போட்ட மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒரு வாய் டீகூட வயிற்றில் தங்கவில்லை. செங்கல்பட்டுக்கு இன்னும் நான்கு மைல் இருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துவிட்டாள்.

முன் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஐயோ, காலரா! வண்டிய நிறுத்துப்பா!"

கண்டக்டர் விசில் அடித்தார். ஏரிக்கரையோரம் பஸ் நின்றது. பாதிப் பேர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார்கள்.

"இன்னாமா, பேதியும் கீதா? எத்தினி வாட்டி ஆச்சு?" என்று கண்டக்டர் எட்ட நின்றே கேட்டார்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். முழுகாம இருக்கா. அதான் வாந்தி."

பூக்காரம்மாளின் முகம் உடனே மாறியது. "அப்படியா? எத்தினி மாசம்மா?" என்று கேட்டார்.

டாக்டர் வைத்தியம் முடியும்வரை பிள்ளைப் பேச்சே கூடாது என்று சொல்லியிருந்தார். இன்னொரு குழந்தைக்கு அவள் எவ்வளவு ஏங்கினாள் என்பது எனக்குத்தான் தெரியும். நான் "மூணு" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அவரு சொல்றது பொய். எனக்குக் காலராவும் இல்ல, வயித்துல புள்ளயும் இல்ல. எனக்கு டி.பி. ஊசி போட்டுக்கத்தான் போயிகினு கீறேன். மாத்திரை ஒத்துக்காம வாந்தி வந்திச்சு. அவ்ளோதான்."

சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துக் கண்டக்டரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. எனக்குத் தலை குனிந்துவிட்டது. அந்தப் பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள்.

"அதுவும் ஒட்டிக்கிற நோவுதான்யா" என்று யாரோ சொன்னார்.

"மூணு மாசமா இதே பஸ்லதான் வர்றேன். வாயத் தொறந்து ஒருத்தர் மேல இருமினது இல்ல. சளியில இப்போ கிருமி இல்லன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டார், இதுல பாருங்க. ஆனா உங்க எல்லாருக்கும் பயமாத்தான் இருக்கும். நான் எறங்கிக்கிறேன். நடந்தாவது போயிடுவேன், ஊசிய விட மாட்டேன்."

யார் பதிலுக்கும் காத்திராமல் இறங்கிவிட்டாள். நான் பின்னாலேயே இறங்கினேன். பஸ் கிளம்பும் சமயத்தில், கடைசி சீட்டிலிருந்து தோளில் துண்டோடு ஒருவர் இறங்கினார். வயல்வேலை செய்கிறவர். ஊசிக்கு நிற்கும் வரிசையில் அவரை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தெரிந்தவர்போலக் காட்டிக்கொண்டால் விஷயம் வெளியே வந்துவிடுமோ என்று நானும் பேசியதில்லை, அவரும் பேசியதில்லை.

"எனக்கும் அதே ஊசிதாம்மா" என்றார் அவர். "நீ சொல்ற வரிக்கும் வாயத் தொறக்க எனக்குத் தெகிரியம் இல்ல. ஒன்ன எறக்கி வுட்டுட்டு நான் மட்டும் குந்திகினு போனா நல்லாவா இருக்கும்?"

மூன்று பேரும் நடந்தோம். நூறு அடிக்கு ஒரு தரம் அவளுக்கு மூச்சு வாங்கும். புளியமரத்தடியில் உட்காருவோம், மறுபடி எழுந்து நடப்போம். "கைய புடிச்சுக்க" என்று நான் சொன்னதற்கு, "வாந்தின்னா காலராவா இருக்கணும், இல்லாட்டி புள்ளத்தாச்சியா இருக்கணுமா? உண்மையச் சொல்ல ஒரு வாய் இல்லியா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன்பிறகு கொஞ்ச தூரம் போய் அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊசி போடும் அறை பூட்டியிருந்தது. வராந்தா முழுக்கக் காலரா நோயாளிகள். பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். இருந்த நர்ஸுகள் எல்லாம் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தார்கள். எப்போதும் எங்களுக்கு ஊசி போடும் நர்ஸம்மா, இரண்டு கையிலும் சலைன் பாட்டிலோடு எதிரே வந்தார். "லேட்டா வந்துட்டியேம்மா. வெள்ளிக்கிழமை வா" என்று சொல்லிக்கொண்டே போனார்.

மனைவி சத்தம் போடவில்லை. பூட்டிய அறையின் படியில் உட்கார்ந்துவிட்டாள். வயல்காரரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க வேலைய முடிச்சிட்டு வாங்கம்மா. எத்தினி நேரம் ஆனாலும் குந்திகினு கீறேன்" என்றாள் மனைவி.

அந்த நர்ஸம்மா அரை மணி கழித்து வந்தார். அவர் புடவை ஓரமெல்லாம் நனைந்திருந்தது. முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. கதவைத் திறந்து ஊசியைக் கொதிக்க வைத்தபடியே ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். நான்தான் சொன்னேன், பொய் உட்பட எல்லாவற்றையும். கேட்டுவிட்டு அவர் மனைவியின் அட்டையை எடுத்துப் பார்த்தார். "இந்தக் கூட்டத்துல நல்லா இருக்கிறவங்களே வேலைக்கு வர பயப்படறாங்க. நீ ஒருநாள்கூட விடல. நீ பொழைச்சுப்பே" என்றார். நோய் வந்த பிறகு என் மனைவி அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சிரித்தாள்.

நாங்கள் ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாளே ஐந்தாறு பேர் வந்து துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். தைத்து முடித்ததைக்கூட வேண்டாம் என்றவர்கள் உண்டு. நான் பயந்ததெல்லாம் நடந்தது. மூன்று வாரம் மெஷின் பக்கம் வேலையே இல்லை. அவளை ஒரு வார்த்தை குறை சொல்லத் தோன்றியிருந்தால் அப்போது சொல்லியிருக்கலாம். ஏனோ தோன்றவில்லை. ஏரிக்கரையில் அவள் நின்ற நிலை கண்முன்னே இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம் வீட்டுக் கதவு தட்டும் சத்தம். முதல் ஆளாகத் துணியைத் திரும்ப வாங்கிப் போன பெண்மணி நின்றிருந்தார். ரவிக்கை தைக்கக் கொடுக்க வரவில்லை.

"என் பொண்ணுக்கு நாப்பது நாளா இருமல்" என்று என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். "ஆஸ்பத்திரில யாரப் பாக்கணும், எங்க நிக்கணும்னு ஒண்ணும் தெரில. நீ போற அன்னிக்கு எங்களயும் இட்டுகினு போறியா?"

"வெள்ளிக்கிழமை மொத பஸ்ஸுக்கு வந்துடுங்க" என்றாள் என் மனைவி. துணியைத் திரும்ப வாங்கியதைப் பற்றி அவள் அப்போதும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை.

அந்தப் பெண்ணுக்கும் டி.பி.தான். அதற்குப் பிறகு கோவளம் பக்கமிருந்து ஒரு மீன்கார அம்மாள், பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கல்லூரிப் பையனின் தாய் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். காலரா அடங்குவதற்குள் செவ்வாய், வெள்ளி முதல் பஸ்ஸில் அவளோடு நான்கு பேர். எந்தச் சீட்டு எழுதி வாங்க வேண்டும், மாத்திரையை எதோடு சாப்பிட்டால் குமட்டாது, யார் எந்த ஊசியைத் தவறவிட்டார்கள், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒருத்தர் வரவில்லையென்றால் அன்று சாயங்காலமே அவர் வீட்டு வாசலில் போய் நிற்பாள். அதே கண்டக்டர், தானாகவே முன்பக்க ஜன்னல் சீட்டுகளை இவர்களுக்கு ஒதுக்கி வைப்பார்.

அந்த வயல்காரர் மட்டும் நடவு சமயத்தில் வருவது நின்றுபோனது. அவர் ஊர் எதுவென்று நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. வழியில் நாலைந்து ஊர்களில் இறங்கி விசாரித்தாள், தெரியவில்லை. அது இன்றுவரை எங்கள் இரண்டு பேருக்கும் மனக்குறைதான்.

ஒன்றரை வருடம் முடிந்தபோது கடைசிப் படம் எடுத்தார்கள். நெஞ்சு சுத்தமாக இருந்தது, இனி குழந்தையைக் கோவளத்திலிருந்து கூட்டி வரலாம். அந்த அட்டையில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை என்று டாக்டர் மற்ற நோயாளிகளிடம் தூக்கிக் காட்டினார். நான் அங்கே நின்றிருந்தேன். என் கடையைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்யெல்லாம் யாருக்கும் உதவவில்லை. பஸ்ஸில் எல்லார் முன்னாலும் அவள் சொன்ன ஒரு உண்மை நான்கு குடும்பங்களுக்கு வழிகாட்டியது. இவளுடைய புருஷன் நான் என்று சொல்லிக்கொள்ளும்போது இந்த வயதிலும் என் நெஞ்சு நிமிர்கிறது.