மலை மூடினால் நிற்கிற மட்டும்

போன கிழமை சுவிஸிலிருந்து வந்திருந்த என் தங்கையின் மகன் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்துவிட்டு, "மாமா, இதையா மலைத்தொடர் எண்டு சொன்னீங்க? பனியே இல்லையே!" என்றான். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். பனியாம்! சாய்ந்தமருதில் மாசி மாத விடியலில் வேலிப்புல்லை நனைப்பதுதான் எங்களுக்குப் பனி. அதற்கு மேல் ஒரு பனி உண்டென்பதைப் பூமிசாஸ்திரப் புத்தகத்தில் படித்துப் பரீட்சைக்கு எழுதியிருக்கிறோமே தவிர, கண்ணால் கண்டவன் யார்? அவன் அதோடு விட்டானா? "எண்டாலும் வடிவாத்தான் இரிக்கி" என்று சொல்லி நாலு படமும் எடுத்துக்கொண்டான். வடிவு! அந்த மலைகளின் மேல் எனக்கு அறுபது வருடத்து வன்மம் இருக்கிறது. ஏனென்று அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம், நீங்கள் சொந்தக்காரர் இல்லை.

முதலில், அதைத் தொடர் என்பதே பிழை. காணிச் சண்டையில் பேச்சை விட்ட அண்ணன் தம்பிகளைப்போல் தள்ளித் தள்ளி நிற்கிற கற்குன்றுகள் அவை. சில வெறும் மொட்டைப் பாறை. சிலவற்றின் இடுப்புவரைக்கும் முட்காடு. வருடத்தில் மூன்று மாதம் மாரி பெய்தால், மிச்சம் ஒன்பது மாதமும் அவற்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. வைகாசி பிறந்ததும் கச்சான் காற்று தொடங்கும். அந்தக் காற்று அங்கே மேற்குக் கரையில் மழைக்காற்றாகத்தான் புறப்படுகிறது. நடுவிலுள்ள உயர்ந்த மலைகளில் தன் தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு எங்கள் பக்கம் இறங்கி, வருகிற வழியில் இந்தப் பாறைகளின் சூட்டையும் வாங்கிக்கொண்டு எங்கள் முகத்தில் வந்து அடிக்கும். உதடு வெடிக்கும், கிணறு வற்றும், சோற்றில் மணல் கடிபடும். என் உம்மா உலைமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு மேற்கே திரும்பி, "நாசமாப் போன மலை, கிடந்து வேகுது, நம்மளையும் போட்டு வேகவைக்கிது" என்று ஏசுவா. மலையை ஏசிய மனிசியை நீங்கள் வேறெங்கும் கண்டிருக்க மாட்டீர்கள்.

வாப்பாவுக்கு அந்த மலைகள் வேண்டும். அவர் கடலுக்குப் போகிறவர். கரை மறைந்த பிறகும் இரண்டு குன்றுகள் தெரியும்: முன்னால் பெரிய மலை, பின்னால் சின்ன மலை. தோணி வடக்கே போகப் போக, சின்னது மெல்ல நகர்ந்து பெரியதின் முதுகுக்குப் பின்னால் ஒளியும். முழுதும் ஒளிந்ததும் வாப்பா துடுப்பை நிறுத்தி, "மல மூடிட்டு, வலையப் போடு" என்பார். அதற்கு நேர் கீழே கடலுக்குள் பாறை, பாறையில் மீன். இரண்டு மலையும் தனித்தனியாகத் தெரிந்தால் மலை திறந்து கிடக்கிறது, ஒன்றாகிவிட்டால் மூடிவிட்டது. எனக்கு அந்தக் கணக்கெல்லாம் நன்றாகவே விளங்கியது. விளங்காதது என் வயிற்றுக்குத்தான். மலை மூடுவதற்குள் நான் தின்றது முழுதும் வெளியே வந்துவிடும். "இவன் கடலுக்குச் சரிவர மாட்டான், படிக்க விடுங்க" என்று தோணியிலிருந்தவர்கள் சிரித்துச் சொன்னதில்தான் நான் இங்கிலீசு படித்தவன் ஆனேன்.

ஐம்பதுகளின் நடுவில், இருபத்தொரு வயதில், காணி அளக்கிற கூட்டத்தோடு மொழிபெயர்ப்பாளனாக வேலை கிடைத்தது. மேற்கே ஆற்றை மறித்து அணை கட்டிய புதிது. வாய்க்கால் வரப்போகிறது, யாருடைய காணி எதுவரை என்று கல் நட்டுப் பதிய வேண்டும் என்றார்கள். நாவிதன்வெளிக்கு மேற்கே, வயலும் காடும் சந்திக்கிற இடத்தில் கூடாரம். மெழுகுச்சீலை வெயிலில் காய்கிற அந்த மணம் இப்போதும் எங்காவது லொறிப் படங்கில் அடித்தால் எனக்குக் குமட்டும். சாப்பாட்டுக்கு டின் மீன். மீன்காரன் மகன் டின் மீன் தின்றேன், அதையும் பெருமையாகத் தின்றேன். எங்கள் துரை கொழும்பிலிருந்து வந்தவர், தமிழ் ஒரு சொல் தெரியாது. நான் இன்னும் தற்காலிகந்தான். ஆறு மாதம் கழித்து அவர் நல்லபடி எழுதினால் நிரந்தரம், இல்லாவிட்டால் திரும்பவும் தோணி.

அங்கேதான் ஆதம்பாவா காக்கா இருந்தார். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். நாற்பது வயது, காய்ந்த உடம்பு, காதில் எப்போதும் ஒரு சுருட்டுத் துண்டு. காட்டை வெட்டித் தானே திருத்திய காணி அவருடையது. மேல்பாதி மேடு, கல்லுத்தரை. அதில் மழை நன்றாகப் பெய்த வருடத்தில் மட்டும் ஏதோ விளையும். கீழ்ப்பாதி பள்ளம். வெள்ளாமை என்று ஒன்று வீட்டுக்கு வருவது அந்தப் பள்ளத்திலிருந்துதான். பெண்சாதியும் ஐந்து பிள்ளைகளும் அதை நம்பித்தான். நான் சாய்ந்தமருது என்று தெரிந்ததும் அவருக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்கவேண்டும். "நம்மட புள்ள ஒண்டு இரிக்கி, இனி எனக்கென்ன பயம்?" என்று அக்கம்பக்கத்து வயல்காரர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. துரை, காணி எதுவரை என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். காக்கா கையை நீட்டி ஒரே மூச்சில் சொன்னார்:

"மல மூடினா நிக்கிற மட்டுக்கும் எங்கடதான்."

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இது எங்கள் வாப்பாவின் பாஷையல்லவா! துரையிடம் திரும்பி, சின்ன மலை பெரிய மலைக்குப் பின்னால் மறைகிற இடத்தில் போய் நின்றால், அதுதான் இவருடைய எல்லை என்று விளக்கினேன். துரைக்கும் புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. கண்ணால் நேர்கோடு பிடிப்பதுதானே அவர் தொழில். "படிக்காத மனிதன் எவ்வளவு சரியாகச் சொல்கிறான் பார்" என்று என் முதுகில் தட்டினார். நான் எழுதிய வாக்குமூலத்தில் காக்கா கைநாட்டு வைத்துவிட்டு ஜும்ஆவுக்குப் போய்விட்டார். நாங்கள் மேட்டிலிருந்து நடந்தோம். பாதிக் காணி தாண்டியதும் சின்ன மலை மறைந்தது. அங்கே கல் நட்டோம். பள்ளம் முழுவதும் கல்லுக்கு வெளியே போயிற்று.

தொழுதுவிட்டு வந்தவர் கல்லைச் சுற்றிப் பார்த்தார். "இது என்ன கல்லு தம்பி, நடுக்காணியில?" என்று கேட்டார். நான் டின் மீனைப் பிசைந்துகொண்டே, "அளவுக்கு நட்ட கல்லு காக்கா" என்றேன். அளக்கிறவர்கள் எங்கெல்லாமோ கல் நட்டிருந்தார்கள். அவரும் நம்பிவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கும் ஒன்றும் தெரியாது.

கார்த்திகையில் மாரி பிடித்தது. திரும்பவும் அந்தப் பக்கம் போயிருந்தோம். கறுத்த மேகம் இறங்கி மேற்கே ஒரு குன்றும் தெரியவில்லை. மூன்று நாள் விடாத மழை. காக்கா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு என்னை இழுக்காத குறையாகக் கூட்டிப்போய்ப் பள்ளத்தின் கடைசியில் நிறுத்தினார். கல்லிலிருந்து பத்துச் சங்கிலி, அதாவது அறுநூற்றறுபது அடி தூரம் கீழே, வெள்ளம் வந்து அலம்பிக்கொண்டு நின்றது.

"பாருங்க தம்பி, மல மூடிட்டு. தண்ணி நிக்கி பாருங்க. இதுமட்டுக்கும் எங்கட எண்டுதானே அண்டைக்கு உங்களுக்கிட்டச் சொன்னன்?"

அல்லாஹ்வே! மலை மூடுவதென்றால் வயல்காரனுக்கு மேகம் மூடுவது. நிற்பது மனிதன் இல்லை, தண்ணீர். மழை தொடங்கினால் வெள்ளம் எதுவரை வந்து நிற்குமோ அதுவரை என் காணி என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். வயலில் பிறந்த எந்தச் சோம்பேறிக்கும் விளங்கியிருக்கும். நான் ஒருவன், கடலில் வாந்தி எடுக்கத் தெரிந்த மடையன், வயலுக்குள் நின்றுகொண்டு தோணி விட்டிருக்கிறேன். 

அன்றைக்கே துரையிடம் போய், பிழை என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். போனேன், கூடார வாசல் வரை. அவர் மேசையில் என்னைப் பற்றிய அறிக்கை பாதி எழுதிக் கிடந்தது. "என்ன?" என்று கேட்டார். "மழை கடுமையாக இருக்கிறது, சேர்" என்றேன். "அது எனக்கும் தெரிகிறது" என்றார் அவர். திரும்பி வந்துவிட்டேன்.

வரைபடம் வந்ததும் பள்ளம் அரசாங்கக் காணி என்று அறிவித்தார்கள். காக்கா மனுப் போட்டார். அதையும் என்னிடந்தான் கொண்டுவந்து எழுதுவித்தார், கேட்டீர்களா! பள்ளமும் அவருடையது, விசாரிக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். விசாரணைக்கு வேறொரு அதிகாரி வந்தார், அவருக்கும் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நின்றவன் நானேதான். பக்கத்தில் எங்கள் துரை, கையில் என் பழைய வாக்குமூலம். எல்லை எதுவரை என்று அதிகாரி கேட்டார். ஆதம்பாவா காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்புவிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"மல மூடினா, தண்ணி நிக்கிற மட்டுக்கும் எங்கட."

இந்த முறை தண்ணியையும் சேர்த்துவிட்டார். இனிப் பிழையாக விளங்கிக்கொள்ள எனக்கு வழியில்லை. அந்த ஒரு சொல்லை இங்கிலீசில் சொன்னால் அவருடைய பள்ளம் அவருக்கு, என் வேலை போய்விடும். துரை என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மலையைச் சொன்னேன், மூடுவதைச் சொன்னேன், நிற்பதைச் சொன்னேன். தண்ணியை மட்டும் விட்டுவிட்டேன். அதிகாரி பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார், ஒன்றுக்கொன்று பிசகில்லை. மனுவைத் தள்ளி ஒரு வரி எழுதி அடியில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே மருதமரத்தடியில் காக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். என் முகத்தில் காறித் துப்புவார் என்று நினைத்தேன். "நமக்காக எவ்வளவு கதைச்சீங்க தம்பி. அவனுகளுக்கு இரக்கம் இல்லாட்டி நீங்க என்ன செய்யிற? நம்மட நஸீபு அவ்வளவுதான். அல்லாஹ் உங்கட தொழில்ல பறக்கத்துத் தரட்டும்" என்றார். நான் "ஆமீன்" என்றேன். வாயால் சொன்னேன், இந்த வாயால்தான். அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள்.

மேட்டில் இரண்டு போகம் கருகியது. பிறகு காக்கா குடும்பத்தோடு நிந்தவூர்ப் பக்கம் போய் அடுத்தவன் வயலில் கூலிக்கு இறங்கினார் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. நிந்தவூரைத் தாண்டி பஸ்ஸில் போகும்போது கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி இருப்பேன். முப்பது வருடம் அப்படித்தான் தூங்கினேன். கோபத்தை எங்கே வைப்பது? துரையின் மேல் கொஞ்சம் வைத்தேன். மிச்சம் முழுவதையும் அந்த இரண்டு மலைகளின் மேல் வைத்தேன். அவை மறுத்துப் பேசப்போவதில்லையே.

இப்போது அந்தச் சின்ன மலையும் இல்லை. வெடி வைத்து உடைத்து, சல்லியாக்கி, ரோட்டுக்குப் போட்டுவிட்டார்கள். தோணிக்காரர்களிடம் இடம் காட்டுகிற கருவி இருக்கிறது, மேற்கே திரும்பிப் பார்ப்பதில்லை. வாய்க்கால் தண்ணீரில் விதைக்கிறவர்களுக்கு மலை மூடினாலும் ஒன்று, மூடாவிட்டாலும் ஒன்று. பள்ளத்தில் யார் யாரோ வெள்ளாமை செய்கிறார்கள். காக்கா மௌத்தாகி எத்தனையோ காலம். அவருடைய ஐந்து பிள்ளைகளில் கடைசியாக மிஞ்சியிருந்தவரையும் போன வருடம் நிந்தவூரில் அடக்கினார்கள், நான் ஜனாஸாவுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். தண்ணி என்ற அந்த ஒரு சொல்லை இன்றைக்கு நான் எந்தப் பாஷையில் சொன்னாலும், கேட்டு என் முகத்தில் துப்புவதற்கு உரிமையுள்ளவர் ஒருவரும் மிச்சமில்லை.