படுக்க இடமுள்ள விமானம்

அருளப்பன் அண்ணன் போய்விட்ட செய்தியை அவர் வீட்டில் சமைக்கும் அம்மாதான் போனில் சொன்னார். காலையில் காபி கொண்டுபோனபோது உடம்பு சில்லிட்டிருந்ததாம். பக்கத்தில் யாரும் இல்லை. கல்மண்டபம் கல்லறையில் பெட்டியை மூடும் முன், இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர், "நல்ல சாவு, தூக்கத்துலயே போயிட்டாரு" என்றீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரும் தனியாகச் சாகக் கூடாது என்பதற்காகப் பாதிச் சொத்தை அழித்த மனிதர் அவர்.

திருவொற்றியூரில் அவருடைய கன்டெய்னர் லாரி கம்பெனியில் நான் மேனேஜர். அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவுக்கு மாரடைப்பு வந்த அன்று அவர் குஜராத்தில் இருந்தார். மறுநாள்தான் விமானம் கிடைத்தது. வந்து சேர்ந்தபோது அக்கா பெட்டிக்குள் இருந்தார். "ரெண்டு வாட்டி என்னைக் கேட்டாளாம்பா" என்று மட்டும் சொன்னார். முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு, பழைய ஜெட் விமானம் ஒன்று வாங்கப்போவதாக அறிவித்தார். ஊரே சிரித்தது. நானும்தான்.

பெங்களூரில் ஒரு சின்ன ஜெட் விலைக்கு வந்தது. ஆறு பேர் உட்காரலாம். செகண்ட் ஹேண்ட் லாரி பார்ப்பதுபோல் அண்ணன் அதைச் சுற்றி வந்து, டயரை உதைத்து, குனிந்து வயிற்றுப் பக்கம் பார்த்தார். எஞ்சின் அப்படி, உள்ளே தோல் இப்படி என்று தரகர் அளந்துகொண்டிருந்தார். அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "சீட்டைக் கயட்டினா ஒரு ஆளு கால நீட்டிப் படுக்கலாமா?" தரகருக்குப் புரியவில்லை. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, இருக்கைகளுக்கு நடுவே தரையில் படுத்துக் காட்டினார். அவர் எழுந்திருக்க வெகுநேரமானது. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

வாங்கியதும் யார்டில் ஓட்டுநர்களைக் கூட்டினார். "எந்த ஊர்ல இன்னா ஆனாலும் பயப்படாதீங்க. வூட்டு ஆளுங்க மூஞ்சியப் பாக்காம ஒர்த்தனும் போவக் கூடாது. பிளேன் கீது, படுக்க வெச்சே இட்டாந்துடலாம்" என்றார். ஆனால் விமானம் சும்மா நின்றாலும் தின்னும். நிறுத்த வாடகை, விமானி சம்பளம், வங்கித் தவணை. வேறு வழியில்லாமல், விமானங்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியிடம் அதை ஒப்படைத்தார்.

அடுத்த மழைக்காலத்தில் எங்கள் ஓட்டுநர் எண்ணூர் பாபுவின் லாரி நாக்பூர் அருகே கவிழ்ந்தது. பலத்த அடி, ஆனால் நினைவிருந்தது. அவர் மனைவி ரோசி அன்று காலையே ஆபீசில் வந்து உட்கார்ந்தார். விமானமோ கோவாவில், யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போயிருந்தது. வேறு விமானத்தில் டிக்கெட் எடுக்கலாம் என்றேன். "நம்மளுதே மத்தியானம் வந்துடும்பா" என்றார் அண்ணன். மதியம் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அன்று சாயங்காலம், பாபு போய்விட்டதாக நாக்பூரிலிருந்து போன் வந்தது. ரோசி அழவில்லை. "பிளேன் கீதுன்னியே நைனா. அத நம்பித்தான ரயிலுகூட ஏறாம குந்திகினு இர்ந்தேன்" என்றார். அப்போதைய அண்ணன் முகத்தை நான் மறக்க மாட்டேன்.

விமானத்தை வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொன்னார். அதன் பிறகு அவர் ஊரைவிட்டு வெளியே போகவே இல்லை. ஓட்டுநர் வீடுகளில் யாருக்கு முடியாமல் போனாலும் ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கம்பெனி வேலை கெடுகிறதே என்றால், "இன்னாத்துக்குப் பறக்கணும்? இங்கயே குந்திகினு இர்ந்தா ஆச்சு" என்பார்.

விமான விற்பனையை முடிக்க நான் மும்பை போயிருந்தபோது என் அப்பாவுக்கு மூச்சுத் திணறல். அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். நான் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வார்டு வாசலில் அண்ணன் நின்றிருந்தார். கடைசிவரை அப்பாவின் கையைப் பிடித்திருந்தவர் அவர்தான்.

"உன்னைக் கேட்டாருடா. கீய வந்துட்டான், படியேறிகினு கீறான்னு சொன்னேன். சரின்னு கண்ண மூடிகினாரு."

அப்போது நான் மும்பையைவிட்டே கிளம்பியிருக்கவில்லை. அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பொய்தான். நான் படியேறி வருகிறேன் என்று நம்பியே என் அப்பா செத்தார்.