கனகசபை அண்ணை கேட்ட ஒரு கேள்வி

வெள்ளிக்கிழமை காலை. சாமிக்குச் செவ்வரத்தம் பூ ஆய்ந்துகொண்டு நின்றேன். அடுத்த வளவிலிருந்து கனகசபை அண்ணையின் மகள் வதனி கூப்பிட்டாள். சத்தம் போட்டுக்கூட இல்லை.

"மாமி, அப்பா எழும்புறாரில்லை."

நான் பூத்தட்டை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. எனக்கு முன்னால் என் கணவர் வேலிப் பொட்டால் குனிந்து நுழைந்து ஓடினார். இருபத்து மூன்று வருடமாக அவர் அந்தப் பொட்டால் போனதில்லை. அன்று போனார். போய் அண்ணையின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கட்டிலடியில் நிலத்தில் இருந்துவிட்டார். செய்வதற்கு எங்கள் இருவருக்கும் ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி வதனி கேட்டாள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பேப்பரும் தேவாரப் புத்தகமும் படித்துப் பழகிய எழுத்துத்தான். ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும். ஏன் என்று கடைசியில் தெரியும்.

உதைபந்தாட்ட நடுவராக இருந்ததால் ஊரில் அவர் "றெபறி அண்ணை". வலிகாமத்தில் அவர் விசில் ஊதாத மைதானம் குறைவு. சீனி வருத்தம் இரண்டு கண்ணையும் கொண்டுபோன பிறகும் உதைபந்தாட்டத்தை அவர் விடவில்லை. தொலைக்காட்சியில் அறிவிப்பாளர் சொல்வது அவருக்குப் போதாது. "உவை கோலைச் சொல்லுவினம். பிழையைச் சொல்லமாட்டினம்" என்பார். வதனி பின்னேரங்களில் வேலையால் வரப் பிந்தும். அதனால் இலங்கை அணி ஆசியக் கிண்ணத்துக்கான தகுதிகாண் ஆட்டங்களில் விளையாடிய நாட்களில், பந்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத நான் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

"ஒருத்தன் விழுந்திட்டான் அண்ணை."

"எப்பிடி விழுந்தவன்?"

"பாவம், முகங்குப்புற."

"பாவ புண்ணியத்தைக் கோயில்லை பாப்பம் பிள்ளை. மற்றவன்ரை கால் முதல்லை எதிலை பட்டது? பந்திலையோ, ஆளிலையோ?"

"நான் விழுந்தவனைத்தான் பாத்தனான்."

"எல்லாரும் அப்பிடித்தான். விழுந்தவனைப் பாக்கிறது லேசு. பட்ட இடத்தைப் பார்."

ஒருநாள் பந்து கோட்டுக்கு வெளியே போனதும் "கோணர் அண்ணை" என்றேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் கணவரின் குரல் வந்தது: "கோணர் இல்லையப்பா, கோல் கிக்! வடிவாப் பாத்துச் சொல்லும்!" அதுவரை அவர் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. அண்ணை வயிறு குலுங்கச் சிரித்தார். "வேலிக்கு அங்காலை ஒரு லைன்ஸ்மன் நிக்கிறார் போலை" என்றார்.

அந்த லைன்ஸ்மன் ஏன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார் என்பது இந்த மலரை வாசிக்கும் மூத்தவர்களுக்குத் தெரியும். சமாதான காலத்தில் நடந்த இறுதிப் போட்டி. கடைசி நிமிடத்தில் என் கணவர் பந்தை வலைக்குள் போட்டார். மைதானத்தில் வெடி கொளுத்தியும் விட்டார்கள். கனகசபை அண்ணை விசில் ஊதி, பந்து கையில் பட்டது, கோல் இல்லை என்றார். "நெஞ்சிலைதான் பட்டது" என்று என் கணவர் சத்தியம் பண்ணினார். ஆட்டம் சமநிலையில் முடிந்து, பிறகு அடித்த தண்ட உதைகளில் எங்கள் ஊர் தோற்றது. தன் ஊரைத் தானே தோற்கடித்தவர் என்று அண்ணைக்குப் பெயர் வைத்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து எங்கள் ஊர்ப் போட்டிகளுக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வட்டுக்கோட்டைக்கும் புத்தூருக்கும் சைக்கிளில் போய் ஊதிவிட்டு, எங்கள் மைதானத்தைத் தாண்டித்தான் வீட்டுக்கு வருவார். அங்கே பந்து அடிக்கும் சத்தம் கேட்டாலும் சைக்கிளை நிறுத்தமாட்டார்.

இலங்கை தகுதி பெறவில்லை. ஆனாலும் வருகிற தை மாதம் சவூதியில் நடக்கும் ஆசியக் கிண்ணத்தை முழுக்கக் கேட்க வேண்டும் என்று நின்றார்.

"எங்கடை நாடுதான் இல்லையே அண்ணை?"

"றெபறிக்கு எந்த நாடு? எங்கடை ஆக்கள் இல்லாட்டித்தான் நீதியாக் கேக்கலாம்."

என் நாட்குறிப்புக் கொப்பியின் பின்பக்கத்தில், விரத நாட்களுக்குக் கீழே, ஆட்ட அட்டவணையைக் கட்டம் போட்டு எழுதினேன். முடிவு எழுத வெறும் கட்டங்களும் விட்டேன். "முதல் ஆட்டத்துக்கு உன்ரை மனிசனை வரச் சொல்லு" என்றார். "கோபம் வேறை, பந்து வேறை. நீ சொல்லுறதைக் கேட்டால் எனக்குப் பந்து எங்கை நிக்குதெண்டே தெரியுதில்லை." வீட்டில் வந்து சொன்னேன். என் கணவர் "தை வரட்டும், போறன்" என்றார். அன்று சாமிக்கு ஒரு விளக்குக் கூடுதலாக ஏற்றினேன்.

அடுத்த கிழமை நான் கோயிலால் வந்து, நெற்றியில் திருநீறு காயமுன்னரே அண்ணைக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். ஏதோ பழைய ஆட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று கேட்டார்.

"பிள்ளை, உன்ரை மனிசன் எப்பவாவது வீட்டிலை சொன்னவரோ, அண்டைக்குப் பந்து கையிலை பட்டதோ இல்லையோ எண்டு?"

நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"வெயில் என்ரை கண்ணுக்கு நேரை அடிச்சது. கையிலை பட்டதைக் கண்டுதான் ஊதினனான். கண்ணிருந்த காலத்திலை ஒரு நாளும் சந்தேகம் வரேல்லை. இப்ப இருட்டுக்குள்ளை இருந்து திருப்பித் திருப்பிப் பாக்கிறன். சில நாள் கை தெரியுது. சில நாள் நெஞ்சு தெரியுது. அந்தப் பொடியனுக்கு நான் அநியாயம் செய்திட்டனோ எண்டு ஒரு யோசினை."

"எனக்குத் தெரியாது அண்ணை" என்றேன்.

எனக்குத் தெரியும். போட்டி முடிந்த கிழமையே, முழங்காலுக்கு எண்ணெய் பூசும்போது என் கணவர் சொன்னார்: "கையிலை பட்டதுதான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்." இருபத்து மூன்று வருடம் அதை வைத்திருந்தேன். கொப்பியில் ஒரு நாள் பிழைத்தாலும் அன்றைக்கே வெட்டித் திருத்துகிறவள் நான். அதை மட்டும் திருத்தவில்லை. அந்தப் பதில் என் கணவரின் வாயாலேயே அவருக்கு வரட்டும், தைக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறதே என்று நினைத்தேன். அண்ணை "சரி பிள்ளை" என்றார். பிறகு, "இப்ப பந்து எங்கை?" என்று கேட்டார். ஆறு கிழமையில் போய்விட்டார்.

பாடை தூக்கியவர்களில் என் கணவரும் ஒருவர். தூக்குவதற்கு முன் குனிந்து காதுப்பக்கம் ஏதோ சொல்லப் போனார். பறைச் சத்தம் கூடிவிட்டது. நிமிர்ந்துவிட்டார்.

வதனி இந்தக் கட்டுரையைக் கேட்ட அன்று நான் வெறும் தாளோடு குசினியில் இருந்தேன். என் கணவர் வந்து வாசலில் நின்றார்.

"இஞ்சரும், கையிலைதான் பட்டதெண்டு எழுதும்."

"ஊர் முழுக்க வாசிக்குமெல்லோ?"

"அதுக்குத்தானே. எந்தக் கையெண்டும் எழுதும். வலக்கை."

எழுதிவிட்டேன். அண்ணையை அழைக்காமல் விட்டவர்களும், சைக்கிளில் போகும்போது முகத்தைத் திருப்பியவர்களும், பொய் தெரிந்தும் வாய் திறக்காத நானும் அறிய வேண்டியது இதுதான். கனகசபை அண்ணை சரியாகத்தான் ஊதினார்.

தை மாதம் நாங்கள் இரண்டு பேரும் பொட்டால் போய் வதனி வீட்டு விறாந்தையில் இருந்து எல்லா ஆட்டமும் பார்ப்போம். என் கணவர் சொல்லச் சொல்ல நான் கட்டங்களை நிரப்புவேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். காலையில் விளக்கேற்றும்போது தேவாரத்துக்கு முன்னால், "ஓம் அண்ணை, கையிலைதான் பட்டது" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். சாமிக்கு அது முதலே தெரியும். தெரியாமல் போனவர் அவர் ஒருவர்தான்.